சால்மன் பருவம்: கலிபோர்னியக் கடலில் தடைக்காலம் உருவான வரலாறு

கலிபோர்னியா, ஆரிகன் கடற்கரைகளில் சால்மன் பிடிக்கும் பருவம் ஆண்டுதோறும் புதிதாக முடிவு செய்யப்படுகிறது. எந்த முனையிலிருந்து எந்த முனைவரை படகுகள் போகலாம், எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும், எத்தனை அங்குலத்துக்குக் குறைந்த மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் ஏப்ரல் மாதம் நடக்கும் ஒரு கூட்டத்தில் தீர்மானமாகி, மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. ஓராண்டு பல மாதங்கள் திறந்திருந்த கடல், மறு ஆண்டு வணிகப் படகுகளுக்கு ஒரு நாள்கூடத் திறக்காமல் போவதுண்டு. கலிபோர்னியாவில் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. 2023 முதல் 2025 வரை தொடர்ந்து மூன்றாண்டுகள் மீண்டும் நடந்தது.

இந்த ஏற்பாட்டின் வேர் சால்மனின் வாழ்க்கையில் இருக்கிறது. சால்மன் ஆற்றின் மேல்பகுதியில், குளிர்ந்த நீரோடும் சரளைப் படுகையில் பிறக்கிறது. சில மாதங்களிலோ ஓராண்டிலோ கடலுக்கு இறங்கி, அங்கே இரண்டு மூன்று ஆண்டுகள் இரை தின்று வளர்ந்து, பிறந்த அதே ஆற்றின் நீர்வாசனையைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சலில் ஏறி, முட்டையிட்டு, செத்துப்போகிறது. பசிபிக் சால்மன் வகைகளில் மிகப் பெரியதான சினூக் பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில் திரும்பும். கோஹோ மூன்று வயதில் திரும்பும். பிறந்த ஆற்றுக்கே திரும்புவதால் ஒவ்வோர் ஆற்றின் மீனும் தலைமுறை தலைமுறையாகத் தனிக் கூட்டமாகவே இருக்கிறது. ஓர் ஆற்றின் கூட்டம் அழிந்தால் பக்கத்து ஆற்று மீன் வந்து அந்த இடத்தை எளிதில் நிரப்பிவிடாது.

கடலிலோ இந்தக் கூட்டங்களெல்லாம் கலந்து மேய்கின்றன. சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே போடப்படும் ஒரே தூண்டிலில், இலையுதிர்காலத்தில் சாக்ரமெண்டோ ஆற்றில் ஏறுவதும் லட்சக்கணக்கில் இருப்பதுமான ‘இலையுதிர்காலக் கூட்டத்து’ மீனும் சிக்கலாம். சில ஆயிரங்களே எஞ்சியிருக்கும் வேறொரு கூட்டத்தின் மீனும் சிக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. வளமான கூட்டத்தை நம்பித் தாராளமாகப் பிடித்தால் நலிந்த கூட்டம் துடைத்தெறியப்படும். அதனால்தான் பருவத்தின் நீளத்தை வலுவான கூட்டம் தீர்மானிப்பதில்லை. அந்தக் கடலில் திரியும் கூட்டங்களிலேயே மிக நலிந்தது எதுவோ அதுவே தீர்மானிக்கிறது. இன்று இது சாதாரணமாக ஒப்புக்கொள்ளப்படும் விதி. ஆனால் இந்த இடத்துக்கு வந்துசேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ கூட்டங்கள் போய்விட்டன.

தொடக்கத்தில் சால்மன் தொழில் கடலில் இல்லை, ஆற்றில் இருந்தது. சாக்ரமெண்டோ ஆற்றின் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏறுமீனை நம்பியே வாழ்ந்தவர்கள். 1849-இல் தங்கம் தேடி வந்த கூட்டம் அந்த ஆற்றை இரண்டு வழிகளில் தாக்கியது. மலைச்சரிவுகளைப் பீறிட்டடிக்கும் நீரால் கரைத்துத் தங்கம் எடுக்கும் முறை 1850-களில் பரவியது. கரைந்த மண்ணும் சரளையும் ஆற்றில் இறங்கி முட்டையிடும் படுகைகளை மூடின. நீதிபதி சாயர் 1884-இல் அளித்த தீர்ப்பு வந்த பிறகுதான் கழிவு மண்ணை ஆற்றில் விடுவது தடைபட்டது; அந்தத் தீர்ப்பும் மீனுக்காக வந்ததல்ல, வயல்கள் மண்மூடிப்போன விவசாயிகளுக்காக வந்தது.

இரண்டாவது தாக்குதல் தகர டப்பா. மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த ஹியூம் சகோதரர்களும் ஆண்ட்ரூ ஹாப்குட் என்பவரும் 1864-இல் சாக்ரமெண்டோ நகருக்கு எதிர்க்கரையில் ஒரு மிதவையின் மேல் பசிபிக் கரையின் முதல் சால்மன் டப்பாத் தொழிலைத் தொடங்கினார்கள். ஆற்றில் மீன்பாடு திருப்தியாக இல்லாததால் இரண்டே ஆண்டில் கொலம்பியா ஆற்றுக்கு இடம் மாறினார்கள். ஆனால் தொழில் திரும்பிவந்து பெருகியது. 1882-இல் சாக்ரமெண்டோ ஆற்றோரத் தொழிற்சாலைகள் சுமார் 2,00,000 பெட்டி சால்மனை அடைத்தன. பெட்டிக்கு ஒரு பவுண்டு டப்பா 48. அதுவே உச்சம். அடுத்த சில ஆண்டுகளிலேயே சரிவு தொடங்கியது. 1919-இல் கடைசித் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. கலிபோர்னியா 1870-இலேயே மீன்வள ஆணையம் ஒன்றை அமைத்தது. 1872-இல் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் கூட்டரசின் சார்பில் மெக்கிளவுட் ஆற்றங்கரையில், வின்னெமெம் விந்து பழங்குடியின் நிலத்தில், சால்மன் பொரிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கு எடுத்த முட்டைகள் ரயிலிலும் கப்பலிலும் தொலைதூரங்களுக்குப் போயின. கலிபோர்னிய முட்டைகளிலிருந்து நியூசிலாந்தில் வேரூன்றிய சினூக் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் இந்த முயற்சி ஒரு கெட்ட நம்பிக்கையையும் விதைத்தது. ஆறு எப்படிப் போனாலும் பரவாயில்லை, குஞ்சு பொரித்து விட்டால் மீன் வந்துவிடும் என்ற அந்த நம்பிக்கை, அடுத்த நூறு ஆண்டுகள் அணை கட்டுவோருக்கெல்லாம் சமாதானம் சொல்ல உதவியது.

தொழில் கடலுக்கு நகர்ந்தது மான்டரே விரிகுடாவில். 1880-களிலும் 1890-களிலும் அங்கே பாய்ப்படகுகள் தூண்டில் கயிறுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டே ஓடிச் சால்மன் பிடிக்கத் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வந்ததும் இந்த முறை வடக்கே ஃபோர்ட் பிராக், யுரேகா என்று பரவியது. முறை இன்றும் அடிப்படையில் அதுவே. படகின் இருபுறமும் நீண்ட கம்பங்கள் வெளிப்புறமாகச் சாய்க்கப்படும். அவற்றிலிருந்து எஃகுக் கம்பிகள் கடலுக்குள் இறங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் கனத்த ஈயக்குண்டு. கம்பியின் நீளத்துக்கு இடைவெளி விட்டுத் தூண்டில் நரம்புகள் கோக்கப்பட்டிருக்கும். படகு மணிக்கு இரண்டு மூன்று கடல்மைல் வேகத்தில் நகர, சால்மன் இரையென்று நினைத்துப் பாய்ந்து கவ்வும். மீன் ஒவ்வொன்றாகத்தான் ஏறும். ஏறியவுடன் இரத்தம் வடித்து, குடல் நீக்கி, வயிற்றுக்குள் ஐஸ் அடைத்து அடுக்குவார்கள். வலையில் நசுங்கிய மீனைவிட இதற்குச் சந்தையில் விலை அதிகம்.

ஆற்றில் வலை போடுகிறவன் எந்த ஆற்றின் மீனைப் பிடிக்கிறான் என்பதில் சந்தேகமே இல்லை. கடலுக்குத் தொழில் போனதும் அந்தத் தெளிவு போய்விட்டது. ஆயினும் சட்டம் எதிர்த்திசையில் நடந்தது. வடக்கே உள்ள கிளாமத் ஆற்றில் வணிக வலைத்தொழிலைக் கலிபோர்னியா 1933-இல் தடை செய்தது. அதனால் பிழைப்பை இழந்தவர்களில் யூரோக் பழங்குடிகள் முக்கியமானவர்கள். சாக்ரமெண்டோ–சான் வாக்கின் ஆற்றுப்படுகையில் செவுள்வலைத் தொழில் 1957-இல் முடிவுக்கு வந்தது. மீன்பிடி முழுக்கக் கடலுக்குப் போனது. ஆற்றுக்கு ஆறு தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தை மூடிவிட்டு, கலந்து கிடக்கும் இடத்தைத் திறந்துவைத்த இந்த முடிவு, பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கு அடிப்படை.

இதே காலத்தில் ஆறுகள் அடைபட்டன. சாக்ரமெண்டோவின் தலைப்பகுதியில் 1938-இல் வேலை தொடங்கி 1945-இல் முடிந்த ஷாஸ்டா அணை, மெக்கிளவுட், பிட், மேல் சாக்ரமெண்டோ ஆகிய மூன்று ஆறுகளுக்குமான வழியை ஒரேயடியாக மூடியது. ஸ்டோன் பொரிப்பகம் நடத்திய இடம் இப்போது நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. தெற்கே 1942-இல் எழுந்த ஃபிரையன்ட் அணை சான் வாக்கின் ஆற்றின் நீரை வயல்களுக்குத் திருப்பிவிட, அங்கிருந்த வசந்தகாலச் சினூக் கூட்டம் அழிந்தேபோனது. பெரிய அணைகள் பலவற்றுக்கு ஈடாகப் பொரிப்பகங்கள் கட்டப்பட்டன. அவை உண்மையிலேயே கோடிக்கணக்கான குஞ்சுகளை ஆற்றில் விட்டன. கடலில் மீன்பாடும் நன்றாக இருந்தது. பொரிப்பக மீனின் பெருக்கம் இயற்கைக் கூட்டங்களின் தேய்வை மறைத்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

கடல் பருவத்தை அறிவியல் கணக்கோடு நிர்ணயிக்கும் முறைக்கு 1976 திருப்புமுனை. அந்த ஆண்டு இயற்றப்பட்ட மாக்னசன் மீன்வளச் சட்டம் மாநிலங்களின் கரையோர எல்லைக்கு வெளியே 200 கடல்மைல் வரையான கடலின் மீன்வளத்தை அமெரிக்கக் கூட்டரசின் பொறுப்பில் கொண்டுவந்தது. நிர்வாகத்துக்கு எட்டு வட்டார மன்றங்களை அமைத்தது. வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா கடல்களுக்கு உரியது பசிபிக் மீன்வள மன்றம். மாநில அதிகாரிகள், மீனவர்கள், பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள், பழங்குடிப் பிரதிநிதிகள் ஆகியோர் அதில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1974-இல், வாஷிங்டன் மாநிலத்தில் நீதிபதி ஜார்ஜ் போல்ட் ஒரு தீர்ப்பு அளித்திருந்தார். நிலத்தை விட்டுக்கொடுத்தபோது பழங்குடிகள் ஒப்பந்தத்தில் காத்துவைத்துக்கொண்ட மீன்பிடி உரிமை, அறுவடை செய்யத்தக்க மீனில் பாதிப் பங்கைக் குறிக்கும் என்பது அதன் சாரம். ஆற்றுக்கு வந்துசேர வேண்டிய மீனைக் கடலிலேயே பிடித்து முடித்துவிட முடியாது என்ற நிலை இதனால் உறுதியானது.

கிளாமத் ஆற்றில் இந்த உரிமை இலகுவாகக் கிடைக்கவில்லை. 1978-இல் கூட்டரசு அங்கே பழங்குடிகளின் வணிக மீன்பிடியை நிறுத்திவைத்தது. ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் ஆற்றில் இறங்கி வலைகளைப் பறித்தார்கள். 1987-இல்தான் தடை நீங்கியது. 1993-இல் உள்துறையின் சட்ட அதிகாரி யூரோக், ஹூபா பழங்குடிகளுக்குக் கிளாமத் மீனில் பாதி உரியது என்று கருத்துரை வழங்கினார். அதன்படி கடல் பங்கு குறைக்கப்பட்டபோது கடல் மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1995-இல் கூட்டரசின் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறைப்பு செல்லும் என்றது.

எந்த மீன் எந்த ஆற்றுடையது என்று தெரியாமல் இத்தனை பங்கீடும் காகிதத்தோடு நின்றிருக்கும். அதைத் தெரிந்துகொள்ள வழி செய்தது ஒரு துண்டு எஃகுக் கம்பி. 1960-களில் கீத் ஜெஃபர்ட்ஸ் உருவாக்கிய குறியீட்டுக் கம்பி, சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம். அதன் மேல் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பொரிப்பகத்தில் விரல் நீளக் குஞ்சின் மூக்குக் குருத்தெலும்புக்குள் அதைச் செலுத்தி, வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிடுவார்கள். மூன்றாண்டு கழித்து அந்த மீன் கரைக்கு வரும்போது, துறைமுகத்தில் நிற்கும் மாதிரி சேகரிப்பாளர் துடுப்பில்லாத மீனைக் கண்டு தலையை வெட்டி வாங்கிக்கொள்வார். தலையோடு எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, எந்தக் கடற்பகுதி என்ற சீட்டும் போகும். கலிபோர்னியாவில் இந்தத் தலைகள் சாண்டா ரோசா நகரிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குச் சேர்கின்றன. அங்கே கம்பியைத் தோண்டியெடுத்து நுண்ணோக்கியின் கீழ் எண்ணைப் படித்தால், மீன் பிறந்த பொரிப்பகமும் ஆண்டும் தெரிந்துவிடும். இப்படிச் சேர்ந்த தகவல்களிலிருந்து ஒவ்வொரு கூட்டமும் எந்த மாதத்தில் கடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு மேய்கிறது என்ற வரைபடம் கிடைத்தது. பருவத்தை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் நறுக்க முடிவது இந்த வரைபடத்தால்தான்.

கரையோரம் அதற்கேற்பப் பிரிக்கப்பட்டது. ஆரிகனின் வடகோடியிலுள்ள கேப் ஃபால்கன் முனை ஓர் எல்லை. தெற்கு ஆரிகனின் ஹம்பக் மலை முதல் கலிபோர்னியாவின் ஹார்ஸ் மலை வரை கிளாமத் நிர்வாக மண்டலம். கிளாமத் மீன் அடர்ந்து திரியும் இடம் என்பதால் அங்கே கட்டுப்பாடு கடுமை. அதற்குத் தெற்கே பாயிண்ட் அரினா, பிஜன் பாயிண்ட், பாயிண்ட் சர் என்று எல்லைகள் மெக்சிகோ வரை தொடர்கின்றன. ஆண்டுச் சுழற்சி இப்படி. இலையுதிர்காலத்தில் ஆறுகளில் ஏறிய மீன்களை எண்ணுவார்கள். அவற்றில் இரண்டு வயதிலேயே அவசரப்பட்டுத் திரும்பிய சிறிய மீன்கள் தனியாக எண்ணப்படும். ஒரே ஆண்டில் பிறந்தவற்றில் எத்தனை இன்னும் கடலில் இருக்கின்றன என்பதற்கு அவையே முதல் அறிகுறி. அதை வைத்து பிப்ரவரியில் கணிப்பு வெளியாகும். மார்ச்சில் மன்றம் கூடி மூன்று மாற்றுத் திட்டங்களை முன்வைக்கும். துறைமுக ஊர்களில் பொது விசாரணை நடக்கும். ஏப்ரலில் இறுதி முடிவு. சாக்ரமெண்டோ இலையுதிர்காலக் கூட்டத்தில் ஆற்றுக்குத் திரும்ப வேண்டிய மீன் 1,22,000 முதல் 1,80,000 வரை என்பது நீண்டகால இலக்கு. கிளாமத்துக்கு, இயற்கைப் படுகைகளில் முட்டையிடும் மீன் 35,000-க்குக் குறையக்கூடாது என்பது நீண்டகாலம் தரைமட்டமாக இருந்தது.

நலிந்த கூட்டத்தைக் காப்பதற்காகப் பருவத்தைச் செதுக்கும் கலைக்குச் சரியான சான்று சாக்ரமெண்டோவின் குளிர்காலச் சினூக். உலகில் வேறெந்த ஆற்றிலும் இப்படி ஒரு கூட்டம் இல்லை. மற்ற சால்மன்கள் இலையுதிர்காலத்தில் முட்டையிடும்போது, இது குளிர்காலத்தில் ஆற்றில் ஏறி, கலிபோர்னியாவின் கொளுத்தும் கோடையில் முட்டையிடும். எரிமலைப் பாறை ஊற்றுகளால் கோடையிலும் சில்லென்றிருந்த மெக்கிளவுட் போன்ற ஆறுகள்தான் அதற்கு இடம் கொடுத்தன. ஷாஸ்டா அணை அந்த ஆறுகளை மூடிய பிறகு, அணையின் அடியிலிருந்து விடப்படும் குளிர்நீர் ஓடும் சில மைல் தூரமே அதற்குப் புகலிடம். 1969-இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமாக ஏறிய இந்தக் கூட்டம், 1990-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளில் சுமார் இருநூறாகச் சுருங்கியது. 1960-களில் ரெட் பிளஃப் என்ற இடத்தில் ஆற்றுநீரைத் திருப்பிவிட எழுந்த திருப்பணை இந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு வகித்தது. 1989-இல் மாநில அரசும் கூட்டரசும் இதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தன. 1994 ஜனவரியில் கூட்டரசு அழியும் நிலையிலுள்ள இனம் என்று நிலையை உயர்த்தியது.

கடலில் இதைக் காப்பது எப்படி என்பதற்கு இதன் பழக்கவழக்கமே வழி காட்டியது. குளிர்காலக் கூட்டம் பெரும்பாலும் பாயிண்ட் அரினாவுக்குத் தெற்கே மேய்கிறது. முதிர்ந்த மீன்கள் குளிர்கால மாதங்களில் கோல்டன் கேட் நீரிணை வழியாக ஆற்றை நோக்கி நகர்கின்றன. ஆகவே இலையுதிர்காலத்தின் பின்பகுதியிலிருந்து வசந்தம் வரை அந்தப் பகுதியை மூடிவைத்தால், முட்டையிடப் போகிற மீன் தப்பிவிடும். கோடையில் மேயும் மூன்று வயது மீன் அதே காலத்தில் திரியும் இலையுதிர்காலக் கூட்டத்து மீனைவிடச் சற்றுச் சிறியது. ஆகவே குறைந்தபட்ச நீளத்தை உயர்த்தினால் அதிலும் ஒரு பகுதி தப்பும். இவை இரண்டும் விதியாயின. பாயிண்ட் அரினாவுக்குத் தெற்கே வணிகப் பருவம் மே 1-க்கு முன் தொடங்கக்கூடாது. அக்டோபரில் பாயிண்ட் ரேயஸ் அருகே ஒரு சிறு பகுதியைத் தவிர, செப்டம்பர் 30-ஐத் தாண்டக்கூடாது. மீன் 26 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்குப் பாயிண்ட் அரினா முதல் பிஜன் பாயிண்ட் வரை ஏப்ரல் முதல் சனிக்கிழமைக்கு முன் கடல் திறக்காது. குறைந்தபட்ச நீளம் 20 அங்குலம். 2012 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது: குளிர்காலக் கூட்டத்தின் எண்ணிக்கை குறையும்போது கடலில் அதன்மேல் விழக்கூடிய தாக்கத்தின் உச்சவரம்பும் தானாகக் குறையும்.

கோஹோவின் கதை இதைவிடக் கடுமையானது. 1970-களில் ஆரிகன் கரையில் பொரிப்பகக் கோஹோ பெருகி, பிடியும் பெருகியது. பிறகு கடல் நிலை மாற, விழுந்தது. 1994-இல் மன்றம் மேற்குக்கரை முழுவதும் கடலில் கோஹோ பிடிப்பதை நிறுத்தியது. கலிபோர்னியாவில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து தூண்டிலில் சிக்கும் கோஹோவைத் திருப்பி விட்டுவிட வேண்டும். ஆரிகனில் பின்னர் ஒரு நடுவழி வந்தது: கொழுப்புத் துடுப்பு நறுக்கப்பட்ட பொரிப்பக மீனை வைத்துக்கொள்ளலாம், துடுப்புள்ள இயற்கை மீனை விட வேண்டும். விடப்பட்ட மீனிலும் ஒரு பங்கு காயத்தால் சாகும். கணக்கில் அதையும் சேர்த்தே பருவம் தீர்மானிக்கப்படுகிறது.

கலிபோர்னியாவின் கடலோரச் சிற்றாறுகளின் சினூக் 1999-இல் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. அந்த மீன்களைக் கடலில் கணக்கிடப் போதுமான தகவல் இல்லை. ஆகவே, ஏறத்தாழ அதே கடலில் மேயும் கிளாமத் மீனை அளவுகோலாக வைத்து, நான்கு வயதுக் கிளாமத் சினூக்கில் 16 சதவீதத்துக்கு மேல் கடலில் பிடிபடக்கூடாது என்று வரம்பு வகுத்தார்கள். கிளாமத் மீன் எவ்வளவு வளமாக இருந்தாலும், சாக்ரமெண்டோ மீன் கடலை நிறைத்தாலும், இந்த வரம்பை மீறாதபடிதான் பருவத்தை வகுக்க வேண்டும்.

2002 செப்டம்பரில் கிளாமத் ஆற்றின் கீழ்ப்பகுதியில் குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன. பெரும்பாலானவை முட்டையிட ஏறிவந்த சினூக். வறட்சி ஆண்டு, ஆற்றில் நீர் குறைவு, இருந்த நீரும் சூடு. நெருக்கியடித்துத் தேங்கிய மீன்களின் செவுள்களை நோய் அரித்தது. மேல்பகுதி வயல்களுக்கு நீர் திருப்பப்பட்டது குறித்து அந்த ஆண்டு எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை. அதன் விலையைக் கடல் மீனவர்கள் பின்னர் கொடுத்தார்கள். கிளாமத் மீன் 35,000 என்ற தரைமட்டத்துக்குக் கீழே தொடர்ந்து விழுந்ததால், 2006-இல் கேப் ஃபால்கன் முதல் பாயிண்ட் சர் வரை சுமார் 700 மைல் கரையில் வணிகப் பருவம் ஏறக்குறைய முழுவதும் வெட்டப்பட்டது. சாக்ரமெண்டோ மீன் அப்போது கடலில் போதுமான அளவு இருந்தது, பிடிக்கத்தான் முடியவில்லை. பிடித்த மீனின் துடுப்புத் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பி, கிளாமத் மீன் எங்கே அடர்ந்திருக்கிறது என்று உடனுக்குடன் அறியும் முயற்சியில் ஆரிகன் மீனவர்களும் அறிவியலாளர்களும் அந்த ஆண்டே இறங்கினார்கள்.

அடுத்த அடி சாக்ரமெண்டோவிலிருந்தே வந்தது. 2007 இலையுதிர்காலத்தில் அங்கே திரும்பிய இரண்டு வயது மீன்கள் சுமார் 2,000 மட்டுமே. நீண்டகாலச் சராசரி 40,000. மன்றத்தில் இருந்தவர்களுக்கு அந்த எண் போதுமானதாக இருந்தது. 2008 ஏப்ரலில் கலிபோர்னியக் கடல் முழுவதும், ஆரிகனின் பெரும்பகுதியும் சினூக் பிடிக்க மூடப்பட்டன. கலிபோர்னியாவில் சால்மன் வணிகமாகத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு முழு மூடல் நடந்ததில்லை. நாடாளுமன்றம் 17 கோடி டாலர் நிவாரணம் ஒதுக்கியது. 2009-இல் ஆற்றுக்குத் திரும்பிய முதிர்ந்த மீன் 2008-ஐவிடவும் குறைவு, சுமார் 40,000. வணிகப் படகுகளுக்குக் கடல் அந்த ஆண்டும் மூடியே இருந்தது.

இந்தச் சரிவை ஆராய்ந்த கூட்டரசின் அறிவியலாளர் குழு 2009-இல் இரண்டு அடுக்காக விடை சொன்னது. உடனடிக் காரணம் கடல். 2005, 2006 வசந்தகாலங்களில் ஆழ்கடலின் குளிர்நீர் மேலெழுவது தாமதமாகி, அப்போது கடலுக்கு இறங்கிய குஞ்சுகள் இரையின்றி மடிந்தன. அடிப்படைக் காரணம் ஆறு. வாழிடங்கள் அழிந்து, பல்வகைக் கூட்டங்கள் போய், எல்லாம் பொரிப்பகத்தில் ஒரேமாதிரி வளர்ந்து ஒரே நேரத்தில் கடலுக்குப் போகும் ஒற்றைக் கூட்டமாகச் சுருங்கிவிட்டதால், ஒரு கெட்ட வசந்தத்தைத் தாங்கும் வலு அதற்கு இல்லாமல் போயிற்று. முன்பு வெவ்வேறு மாதங்களில் இறங்கிய கூட்டங்களில் ஒன்று தவறினால் இன்னொன்று நின்றிருக்கும். இந்த அறிக்கையின் இரண்டாம் பகுதிக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. மழை திரும்பி மீன்பாடு தேறியதும் பேச்சு ஓய்ந்தது.

பிறகு வறட்சி வந்தது. 2014, 2015 கோடைகளில் ஷாஸ்டா நீர்த்தேக்கத்தில் அடிக்குளிர்நீர் தீர்ந்துபோனது. சால்மன் முட்டைக்கு நீர் சுமார் 56 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகக்கூடாது. அணையில் எந்த ஆழத்திலிருந்து நீர் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் கருவி 1997 முதல் இருந்தது. ஆனால் எடுக்கக் குளிர்நீரே இல்லையென்றால் கருவி என்ன செய்யும்? அந்த இரண்டு ஆண்டுகளிலும் குளிர்காலக் கூட்டத்தின் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் ஏறத்தாழ 95 சதவீதம் அழிந்தன. கடலில் எத்தனை கவனமாகத் தேதியும் அங்குலமும் வகுத்து ஒரு தாய்மீனைக் காப்பாற்றி ஆற்றுக்கு அனுப்பினாலும், அது இட்ட முட்டை வெந்துபோகிறது. இந்த ஓர் இடத்தில் பருவக் கட்டுப்பாட்டின் எல்லை துலக்கமாகத் தெரிகிறது.

2020-இல், ஆற்றுக்குத் திரும்பிய மீன்களில் தயமின் என்ற வைட்டமின் குறைபாடும் கண்டறியப்பட்டது. கடலில் பெரும்பாலும் நெத்தலியே தின்ற தாய்மீன்களின் குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்திச் செத்தன. 2020–22 வறட்சி இதன்மேல் விழுந்தது. 2022-இல் சாக்ரமெண்டோ இலையுதிர்காலக் கூட்டம் கடலில் சுமார் 3,96,000 இருக்கும் என்று கணித்துப் பருவம் திறக்கப்பட்டது. ஆற்றுக்குத் திரும்பியதோ சுமார் 62,000. குறைந்தபட்ச இலக்கில் பாதி. கணிப்பு எவ்வளவு பெரிதாகத் தவறக்கூடும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. 2023-இல் கலிபோர்னியக் கடல் முழுவதும் மூடப்பட்டது. இம்முறை மூட வேண்டும் என்று கேட்டவர்களில் மீனவர் அமைப்புகளும் இருந்தன. 2024-இலும் அதே முடிவு.

மூடலின் சுமை ஒரே சீராக விழவில்லை. சால்மன் மட்டுமே பிடித்த சிறு படகுகாரர்கள் முதலில் விழுந்தார்கள். நண்டுத்தொழிலும் வைத்திருந்தவர்கள் ஓரளவு நின்றார்கள். நிவாரணப் பணம் பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் தாமதமாகத்தான் கைக்கு வருகிறது. பொடேகா பே, ஃபோர்ட் பிராக் போன்ற துறைமுகங்களில் ஐஸ் ஆலை, மீன் வாங்கும் தளம், எரிபொருள் பங்க் எல்லாம் சால்மன் பருவத்தை நம்பி இருப்பவை. பருவம் திறந்தாலும் அவை உடனே திரும்பிவிடுவதில்லை. கடல் மீனவன் தூண்டிலை ஒரே ஆணையில் நிறுத்திவிடலாம். ஆற்றுநீரில் பங்கு கொண்ட நீர்ப்பாசன வட்டாரங்களையும் நகரங்களையும் அப்படி நிறுத்த முடியாது. எளிதில் திருப்பக்கூடிய திருகுபிடி கடலில் இருப்பதால்தான் ஒவ்வொரு முறையும் அதையே திருப்புகிறார்கள். நலிந்த கூட்டத்தை அன்றைக்கு அழிவிலிருந்து காக்க அது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மீனைப் பெருக்க அது போதாது. குறைபாடு மேல்நீரில் இருக்க, கட்டணம் மட்டும் கடலில் வசூலிக்கப்படுவது நியாயமில்லை.

மேல்நீரில் வேலை நடந்த இடங்களும் உண்டு. 2012-இல் ரெட் பிளஃப் திருப்பணையின் கதவுகள் நிரந்தரமாகத் தூக்கப்பட்டு, நீர் எடுக்க எக்கிநிலையம் வந்தது. மீன் தடையின்றி ஏறுகிறது. 2022-இல் வின்னெமெம் விந்து மக்களின் ஒத்துழைப்புடன் குளிர்காலச் சினூக் முட்டைகள் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு மெக்கிளவுட் ஆற்றில் வைக்கப்பட்டன. எல்லாவற்றிலும் பெரியது கிளாமத்தில் நடந்தது. யூரோக், காரூக் உள்ளிட்ட பழங்குடிகள் இருபது ஆண்டுகள் போராடியதன் பலனாக, அந்த ஆற்றின் நான்கு அணைகள் 2023–24-இல் இடிக்கப்பட்டன. வேலை முடிந்த அதே அக்டோபரில், ஆரிகன் எல்லைக்குள் நூறாண்டுக்கும் மேலாகச் சால்மன் எட்டிப்பார்க்காத ஒரு கிளையோடையில் சினூக் காணப்பட்டது.

கடலில் அந்தப் பலன் தெரிய இன்னும் சில தலைமுறை மீன்கள் பிறந்து திரும்ப வேண்டும். 2025-இல் கலிபோர்னியாவின் வணிகப் பருவம் மூன்றாவது ஆண்டாகத் திறக்கவில்லை. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு மட்டும் ஜூன் 7, 8 ஆகிய இரண்டு நாள்கள் 7,000 மீன் என்ற வரம்போடு கடல் திறக்கப்பட்டது. அந்த ஒரே வாரயிறுதியில் வரம்பு நிறைந்து, கோடைப் பருவம் முடிந்தது.